பிளேட்டுக்குப் பின்னால் இருந்தவனின் நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த சீசனோடு நிறுத்திக்கொள்கிறேன். பேஸ்பாலில் கேட்சராக, அதாவது பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவராக ஆரம்பித்தேன், முட்டி மறுத்த பிறகு அம்பயர் ஆனேன், குனிந்து நிற்பதும் முடியாமல் போனதும் ஸ்கோர் புத்தகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்தேன், இப்போது கண்ணும் போதும் என்கிறது. பந்தை எடுத்தது, ஓடுபவர் தொட்டுப் போகும் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பா மூன்றாவது பேஸ்காரரா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத்தான் எழுத முடிகிறது என்றால், பேனாவை அவரிடமே கொடுத்துவிடுவதுதான் முறை. கொடுத்துவிட்டேன். பாராட்டு விழா வைக்கிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். மைக்கைக் கையில் கொடுத்தால் நான் பேச மாட்டேன், அழுவேன். அதனால்தான் இந்த மடல். யார் பெயரும் போடவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும்.

பேஸ்பாலில் விடைபெறுவது என்றாலே அமெரிக்காவின் யாங்கீஸ் அணிக்காரர் லூ கெரிக்தான் ஞாபகத்துக்கு வருவார். தொடர்ந்து 2130 ஆட்டங்கள் ஆடியவர், தசைகளை முடக்கும் நோயோடு 1939 ஜூலை 4 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் நின்று, இந்த உலகத்திலேயே அதிர்ஷ்டக்காரன் நான்தான் என்றார். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் பிடித்தது மிச்சப் பகுதி. எதிரணியான ஜயன்ட்ஸ் பரிசு அனுப்பியதைச் சொல்கிறார், மைதானம் பராமரிப்பவர்களைச் சொல்கிறார், பெண்ணோடு சண்டை வந்தால் மருமகன் பக்கம் நிற்கும் மாமியாரைக்கூட விடவில்லை. கேட்டுப் பார்த்தால் அது முழுக்க ஒரு நன்றிப் பட்டியல்தான். சரி, அவரே பட்டியல் போட்டிருக்கிறார், நான் போட்டால் என்ன?

முதலில் என் முதல் கோச். "யார் கேட்சர்?" என்று அவர் கேட்டபோது ஒருத்தரும் கை தூக்கவில்லை, நானும்தான். அவராகவே என் தலையில் மாஸ்க்கை மாட்டி, நெஞ்சுக் கவசத்தின் வாரை இழுத்துக் கட்டிவிட்டுச் சொன்னார்: களத்தில் எட்டுப் பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்பார்கள், நீ மட்டும் அவர்களைப் பார்த்து உட்காரப் போகிறாய், அதனால் ஆட்டத்தை நீதான் பார்க்கிறாய். அப்போது புரியவில்லை. பிறகு புரிந்தது, யார் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, யார் பந்து தன் பக்கம் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறார், யார் அடிபட்டதை மறைக்கிறார் எல்லாம் அங்கே உட்கார்ந்தால் முகத்திலேயே தெரியும். மாஸ்க் போட்ட என் முகம் மட்டும் யாருக்கும் தெரியாது, அதுவும் ஒரு வசதி.

பந்து எறியும் பிட்சர்களே, உங்களுக்கு. 60 அடி 6 அங்குலம் தள்ளி நின்று நீங்கள் எறிந்த பந்து அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் என்னிடம் வந்து சேரும், அதற்குள் நான் விரலால் சைகை காட்டிக் கேட்ட பந்துதான் வருகிறதா வேறு ஏதாவதா என்று முடிவு செய்தாக வேண்டும். நான் கேட்டதற்குத் தலையாட்டிய எல்லோருக்கும் நன்றி. கேட்டதையெல்லாம் மறுத்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு எறிந்த அந்த இடதுகைக்காரருக்கும் நன்றி, பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது, இதை நேரில் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. மண்ணில் குத்தி எழும்பிய பந்தை உடம்பால் தடுத்துவிட்டு நான் எழுந்திருக்கும்போது, மூன்றாவது பேஸில் ஆள் நிற்கிறான், பந்து என்னைத் தாண்டினால் ஓடி வந்து ரன் எடுத்துவிடுவான் என்று தெரிந்தும் அதே பந்தை மறுபடி எறியத் துணிந்தவர்களே, ஒரு கேட்சருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

அடுத்ததை வெளியே இருந்து பார்த்தவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பேட்டின் விளிம்பில் பட்டு வந்த பந்து கேட்சரின் தோளிலோ விரலிலோ இறங்கினால், அம்பயர் முன்னால் வந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஹோம் பிளேட்டைத் துடைக்க ஆரம்பிப்பார். பிளேட் சுத்தமாகத்தான் இருக்கும். இருந்தாலும் ஓரம் ஓரமாக, நிதானமாகத் துடைப்பார், குனிந்த வாக்கிலேயே "பரவாயில்லையா?" என்று கேட்பார். கேட்சர் மூச்சு வாங்கிக்கொள்ளத்தான் அந்த நேரம். எனக்காக அப்படித் துடைத்த அம்பயர்கள் எத்தனையோ பேர், பலருடைய முகம்கூட ஞாபகமில்லை, ஷூவும் அந்தச் சின்ன பிரஷ்ஷும்தான் ஞாபகம். பின்னாளில் நானே அம்பயராகி, அதே மாதிரி பந்து என் தாடையில் பட்டபோது, மகன் வயதுள்ள ஒரு கேட்சர் ஒன்றும் பேசாமல் எழுந்து பிட்சரிடம் நடந்து போனான். அங்கே பேச ஒரு விஷயமும் இல்லை என்று எனக்குத் தெரியும், ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்காரர்கள் இரண்டு பேர் எதற்குப் பேச வேண்டும்? தலை தெளிகிற வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான். தம்பி, இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ அவர்களுக்கும் சேர்த்து நன்றி.

என்னோடு நின்ற பேஸ் அம்பயர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். அமெரிக்காவின் பெரிய லீகில் நான்கு பேர் நிற்பார்கள், நம் ஆட்டங்களில் இரண்டே பேர். முதல் பேஸில் ஆள் இருக்கும்போது நல்ல அடி விழுந்தால் பிளேட்டில் இருக்கிறவர்தான் மூன்றாவது பேஸுக்கு ஓட வேண்டும், "மூணாவது என்னுது!" என்று கத்திக்கொண்டே. என் ஓட்டம் குறைந்த பிறகு, நான் கத்துவதற்கு முன்னாலேயே "நீங்க இருங்கண்ணே" என்று இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். கேட்டால் சும்மா சிரிப்பார்.

திட்டியவர்களையும் விட்டுவிடக் கூடாது. 2010 ஜூன் 2 அன்று பிட்சர் ஆர்மாண்டோ கலராகா வரிசையாக 26 பேரை அவுட்டாக்கிவிட்டு, 27ஆவது ஆளும் அவுட் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், முதல் பேஸ் அம்பயர் ஜிம் ஜாய்ஸ் சேஃப், அதாவது அவுட் இல்லை, என்று கையை விரித்துவிட்டார். ஒருத்தரையும் பேஸுக்கு விடாமல் 27 பேரையும் அவுட்டாக்கும் ஒரு பர்ஃபெக்ட் கேம் போனது. வீடியோ பார்த்ததும் ஜாய்ஸ் அழுது மன்னிப்புக் கேட்டார், மறுநாள் ஆட்டத்துக்கு அணிப் பட்டியலை அவர் கையில் கொண்டுவந்து கொடுத்தது கலராகாதான். அம்பயர் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தக் காட்சி மனப்பாடம். எனக்கும் அப்படிச் சில கலராகாக்கள் கிடைத்தார்கள், முக்கியமாக ஒன்பது இன்னிங்ஸும் என் கண்ணைப் பற்றிச் சத்தமாகச் சந்தேகப்பட்டுவிட்டு, ஆட்டம் முடிந்ததும் என் பையைத் தூக்கிக்கொண்டு கூட நடந்து வந்த கோச். இப்போது பெரிய லீகிலேயே பந்து ஸ்ட்ரைக்கா, அதாவது பேட்டர் அடித்திருக்க வேண்டிய இடத்தில் வந்ததா என்ற முடிவை இயந்திரத்திடம் முறையிடலாம் என்று ஆகிவிட்டது. எனக்கு ஆட்சேபணை இல்லை, பாதிச் சத்தம் குறையும்.

மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர்களே, பிட்சர் நிற்கும் மண்மேடான மவுண்டின் 10 அங்குல உயரமும் பேட்டர் நிற்கும் இடத்துக் களிமண்ணும் தானாக அப்படியே இருப்பதில்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிட்சரின் கால் தோண்டிய பள்ளத்தை நிரப்பி, தண்ணீர் தெளித்து, இடித்து இறுக்கி, சுண்ணாம்புக் கோடு போட்டு வைப்பது நீங்கள். அந்தக் கோட்டை முதல் இன்னிங்ஸிலேயே காலால் தேய்த்து அழிக்கும் பேட்டர்கள் சார்பில் நான் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கோர் எழுதச் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு என்ன சொல்வது? ஆடும் இடத்துக்கு ஒரு எண் என்ற கணக்கில் 6-4-3 என்று மூன்று எண் எழுதினால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாவது பேஸ்காரரிடம் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு பேர் அவுட் ஆன கதை முழுசாக வந்துவிடும் என்று காட்டியபோது எனக்கு மாயாஜாலம் மாதிரி இருந்தது. நான் கேட்சராக இருந்த காலத்தில் அவரோடு சண்டை போட்டதெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான், கை தாண்டிப் போன பந்தை பிட்சர் கணக்கில் எழுதுவதா என் கணக்கில் எழுதுவதா என்று. "பந்து மண்ணில பட்டுச்சா தம்பி? படலேல்ல? அப்போ உன் கணக்குதான்." ஒரு தடவைகூட விட்டுக்கொடுத்ததில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அவர் புத்தகத்தை நான் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்லிவிட்டேன், களிமண் கறை பற்றிய பேச்சும் அதில் வந்தது.

அப்புறம், சாமான்கள். மாஸ்க், நெஞ்சுக் கவசம், கால் கவசம், பந்து எண்ணும் கிளிக்கர், பிரஷ் எல்லாம் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். புதிதாக அம்பயர் வேலைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம், பணம் வேண்டாம். நெஞ்சுக் கவசத்தின் இடது வார் தளர்ந்திருக்கிறது, மாற்றிவிட்டுப் போடுங்கள். ஸ்கோர் புத்தகங்களை மட்டும் கேட்காதீர்கள், அவை என்னோடு இருக்கும்.