யமாட்டோவுக்குக் குழாய் கடைந்த லேத்

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? சின்னவன் கல்யாணத்துக்கு நீ வராத கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன். இப்போது ஒரு லேத்தை, அதாவது கடைசல் இயந்திரத்தைப் பற்றி உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

ஜப்பானின் யமாட்டோ போர்க்கப்பல் இருந்ததே, அதன் பீரங்கிகளைக் கடைந்த ஜெர்மன் லேத் ஒன்று இன்னும் இருக்கிறது! 1938-இல் ஜப்பானின் குரே நகரத்துக் கடற்படை ஆலைக்காக வாங்கியது. பீரங்கியின் வாய் 46 செ.மீ., நீளம் 21 மீட்டர், ஒரு குழாயே 165 டன். குழாய் மேல் குழாயைச் சூடேற்றி ஏற்றி, பாதி நீளத்துக்குமேல் எஃகுக் கம்பி சுற்றி, அதன்மேல் மறுபடி குழாய். சூட்டில் விரிந்த குழாய் ஆறும்போது சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும், நம்ம ஷ்ரிங்க் ஃபிட்டேதான். எதிரிக்குத் தெரியக்கூடாதென்று காகிதத்தில் மட்டும் 40 செ.மீ. என்று எழுதினார்களாம். 1913-இல் முடிந்த கொங்கோ கப்பலை 14 அங்குல பீரங்கிகளோடு இங்கிலாந்தில் கட்டி வாங்கியவர்கள், 1920-இல் நகாட்டோ கப்பலில் 41 செ.மீ. பீரங்கியையே ஏற்றிவிட்டார்கள். என்ன வேகம் பார்!

எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், எல்லோரும் 1,460 கிலோ குண்டு 42 கி.மீ. போகும் என்றுதான் எழுதுகிறார்கள். லேத்தில் நின்று கடைந்த டர்னரைப் பற்றி ஒரு வரி கிடையாது. அந்த பீரங்கிகள் எதிரிக் கப்பலை நோக்கிச் சுட்டது 1944 அக்டோபர் 25, சமார் தீவுக்கு அருகே, அந்த ஒரு நாள்தான். மறு ஏப்ரலில் விமானங்கள் கப்பலை மூழ்கடித்தன. ஏறக்குறைய மூவாயிரம் பேர் போனார்கள், மாணிக்கம். பாதிப் பேர் நம் பிள்ளைகள் வயதுகூட இருந்திருக்க மாட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

லேத் மட்டும் தப்பியது. போருக்குப் பிறகு தனியார் ஆலைக்குப் போய், கப்பல் எஞ்சினைச் சுழல வைக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் கடைந்து, 2013 வரை ஓடியிருக்கிறது. இப்போது குரே அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றியவர்களுக்குக் கோடி புண்ணியம்.

துரைசாமி அண்ணனிடம் ஒன்று கேட்டு எழுது: கடையும்போது 21 மீட்டர் ஜாப் சொந்த எடையிலேயே தொய்யுமே, அதைத் தாங்க எத்தனை இடத்தில் ஸ்டெடி (நடுவில் பிடிக்கும் தாங்கி) கொடுத்திருப்பார்கள்? நான் நான்கு என்கிறேன். அவர் சொல்வதை வைத்துத்தான் முடிவு.

அன்புடன்,
பழனிசாமி