கைப்பட்டியோடு வன்னிக்கு வரும் ஆய்வாளர்களுக்கு

அன்புடையீர்,

மணிக்கட்டில் பட்டி கட்டி, இதயத் துடிப்பையும் தோலின் வேர்வையையும் பதிந்து, போருக்குப் பிந்திய மனஅழுத்தத்தை அளக்க இலங்கையின் வடக்கே எங்கள் வன்னிப் பக்கம் ஆள் சேர்க்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தே காலத்தைக் கழித்தவன் நான். பதிவு எங்கெங்கே பிழைக்கும் என்று தெரிந்ததால்தான் இந்த மடல்.

நோயாளி நடுங்கினால் ஈசிஜி கோடும் நடுங்கும். வேர்த்தால் அடிக்கோடு அலையும். வலது கை வயரையும் இடது கை வயரையும் மாற்றிப் பூட்டினால் முதலாம் லீட் என்ற கோடு தலைகீழாகும். இவை கண்ணுக்குத் தெரியும், உடனே திரும்ப எடுக்கலாம். உங்கள் பட்டி அப்படியில்லை. பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் விட்டு, இரத்தம் கூடிக் குறைவதைப் பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. மண்வெட்டி பிடித்த கையின் ஆட்டமும் துடிப்பு மாதிரியே அதில் விழும். கறுத்த தோல் அந்த வெளிச்சத்தைக் கூடுதலாக உறிஞ்சும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியே, கறுப்பின நோயாளிகளில் ஒட்சிசன் குறைந்ததை வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தவறவிட்டது என்று 2020இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. உங்கள் கருவியை எந்தத் தோலில் சரிபார்த்தார்கள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

தோல் மின்கடத்தல், அதாவது வேர்வையோடு தோலில் மின்சாரம் கடக்கும் அளவு, இதைவிடச் சிக்கல். பயந்தாலும் ஏறும், சந்தோசப்பட்டாலும் ஏறும், கச்சான் வீசும் வெயிலில் சும்மா வேலியோரம் நின்றாலும் ஏறும். ஓர் அம்மாவின் கோடு உயர்ந்ததும் போர் நினைவு என்று எழுதிவிடாதீர்கள். அவர் வெற்றிலை போட்டிருக்கலாம், பாக்கு துடிப்பைக் கூட்டும். பிறசருக்கு அற்றெனலோல் குடிக்கிறவரின் துடிப்போ குறைந்து இருக்கும், அதற்காக மனம் அமைதி என்று அர்த்தமில்லை. கிளினிக் கொப்பியைப் பாருங்கள். என்ன வேலை, எத்தனை பிளேன்ரீ, எந்தக் குளிசை, நித்திரை வந்ததா என்று அன்றன்றே குறிக்கச் சொல்லுங்கள். எழுத ஏலாதவர்கள் போனில் பேசிப் பதியட்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்று அளக்க 5 நிமிடப் பதிவு என்பது 1996இலிருந்து இருக்கிற வழிகாட்டல். அந்த 5 நிமிடத்தையாவது ஆளை ஆறுதலாக இருத்தி, ஈசிஜியும் சேர்த்து எடுத்துப் பட்டியோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், சிலருக்குப் பட்டி கட்டக் கையே இல்லை. சிலருக்கு மார்பில் செல் குண்டின் துண்டு பட்ட தழும்பு, அதன்மேல் ஈசிஜிக்கு ஒட்டும் எலெக்ட்ரோட் சரியாகப் பிடிக்காது. தரவு சரியில்லை என்று இவர்களைக் கழித்தால், நீங்கள் தேடி வந்தவர்களையே கழித்தவர்களாவீர்கள்.

பட்டியோடு சேர்ந்த போன் ஆள் போகும் இடத்தையும் குறிக்கக்கூடியது. இங்கே யார் எங்கே போனார், யார் வீட்டில் நின்றார் என்பது வேறு ஆட்களுக்கும் தேவைப்படுகிற சங்கதி. அதை நிறுத்திவிட்டே கையில் கொடுங்கள். உடல்நலத் தரவை விசேட வகையாகப் பார்க்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சரி. அதை நம்பி இடத்தையும் சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் விடுவது நல்லது.

கிராம சேவையாளரைக் கொண்டு ஆட்களைக் கூப்பிடாதீர்கள். நிவாரணம் என்று நினைத்து வருவார்கள், வந்தபின் என்ன ஏது என்று கேட்காமலே கையெழுத்தும் போடுவார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு அவ்வளவு படிவம் கண்ட சனம். வாசித்துக் காட்டி, ஒரு கிழமை விட்டு, வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேளுங்கள். மாட்டேன் என்றால் காரணம் கேட்க வேண்டாம்.

இன்னொன்று. பட்டியில் துடிப்பு ஒழுங்கில்லாமல் தெரிந்தால் அந்த ஆளிடம் யார் சொல்வது? அன்றைக்கா, கட்டுரை வெளிவந்த பிறகா? எந்தக் கிளினிக்குக்கு அனுப்புவீர்கள், பஸ் காசு யார் கொடுப்பார்? இதற்கு எழுத்தில் பதில் தாருங்கள். தந்தால் சனத்தோடு கதைக்க நானும் கூட வருகிறேன். பெண்களுக்கு எலெக்ட்ரோட் ஒட்ட மட்டும் ஒரு பெண்ணைக் கூட்டி வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈசிஜி பதிவாளர் ஒருவர்,
கிளிநொச்சி மாவட்டம்