சிப்ஸுக்கு மட்டும் ஏன் செக்போஸ்ட்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் சிப்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏத்தங்காய் சிப்ஸ், மரச்சீனி சிப்ஸ், சக்கை வற்றல், ஓணம் வந்தால் சர்க்கரை வரட்டி, எல்லாம் தேங்காய் எண்ணெயில் வறுப்பது. அடுப்படியில் நானும் வீட்டுக்காரியும் மட்டும்தான். சின்னக் கடைக்காரர்களும் இணையத்தில் இறங்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் பத்திரிகையும் சொல்கிறது. சரி என்று இறங்கினோம். எங்கே முட்டுகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மகள் என் போனில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுத் தந்தாள். காலையில் வறுக்கும்போது காய் எண்ணெயில் விழும் சத்தத்தோடு ஒரு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பேன், அவ்வளவுதான் என் விளம்பரம். கடை திறப்பதற்குள் நாலு பேராவது கொரியரில் அனுப்ப முடியுமா என்று கேட்டுவிடுவார்கள். கேட்கிறவர்களில் பாதிக்கு மேல் மலையாளிகள், பாறசாலை, நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று இங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்க்காரர்கள். அவர்களுக்குத்தான் அனுப்ப முடியாது.

ஆடிட்டரிடம் கேட்டேன். வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை, தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் தளங்களிலும் ஒரு என்ரோல்மென்ட் நம்பரோடு விற்கலாம், ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். மாநிலம் தாண்டி வரி உள்ள சரக்கு ஒரு கிலோ போனாலும் முதல் கிலோவிலிருந்தே பதிவு கட்டாயம். விற்பனையில் ஒரு சதவீதம் வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற காம்போசிஷன் திட்டமும் உதவாது, அதில் இருப்பவர் வெளிமாநிலத்துக்கு விற்கக் கூடாது. ஆக முழுப் பதிவு, விற்பனை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் என்ற வரிக் கணக்குத் தாக்கல், அதற்கு ஆடிட்டர் கூலி. ஓணத்துக்கு நாற்பது பாக்கெட் அனுப்புகிறவனுக்கு இது கட்டுப்படியாகுமா?

எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கும்மிடிப்பூண்டிக்கு நான் தாராளமாக அனுப்பலாம். பக்கத்திலிருக்கும் பாறசாலைக்கு அனுப்பினால் சட்ட மீறல். அதே பாறசாலைக்காரர் கடைக்கு வந்து கையில் வாங்கிப்போனால் அது உள்ளூர் விற்பனை, ஒரு கேள்வியும் இல்லை. அவர் கொடுக்கும் பணம் யுபிஐயில் அங்கிருந்து இங்கே ஒரு நொடியில் வந்து சேருகிறது, கடையில் பெட்டி சத்தம் போட்டுச் சொல்கிறது. சிப்ஸ்தான் நிற்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது இங்கே வரி செக்போஸ்டை எடுத்ததைப் பார்த்தவன் நான், இனி எல்லை இல்லை என்று அன்றைக்கு நம்பினேன் (வெள்ளந்தி என்று வீட்டுக்காரி இப்போதும் சொல்வாள்).

விதியைத் தளர்த்தவே முடியாது என்றும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு பையன் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கேரளாவுக்கு அனுப்புகிறான். அது சேவை, 20 லட்சம் வரை மாநிலம் தாண்டினாலும் பதிவு வேண்டாம். கைவினைப் பொருள் விற்பவர்களுக்கும் அப்படி ஒரு விலக்கு உண்டு. அதே சலுகையை வீட்டிலும் சின்னக் கடையிலும் தின்பண்டம் செய்கிறவர்களுக்கும் கொடுத்தால் என்ன? முழு 20 லட்சம் வேண்டாம், வருடத்துக்கு 5 லட்சம் வரை என்றாலும் போதும். எனக்கு மட்டுமல்ல, செங்கோட்டை, கம்பம், அந்தப் பக்கம் ஆந்திர எல்லையில் ஊத்துக்கோட்டை வரை இதே பாடுதான் இருக்கும். ஜிஎஸ்டி கவுன்சிலில் நம் நிதியமைச்சரும் உட்காருகிறார், கேரள நிதியமைச்சரும் உட்காருகிறார், இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாமே.

இப்போதைக்கு "கடைக்கு வாங்க" என்றுதான் எல்லோருக்கும் பதில் போடுகிறேன். நெய்யாற்றின்கரையிலிருந்து ஒருவர் பைக்கில் வந்து அக்கம்பக்கத்து ஆறு வீட்டுக்கும் சேர்த்து வாங்கிப்போகிறார். பெட்ரோல் காசுக்கு இன்னும் அரைக் கிலோ வாங்கியிருப்பேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்.

இப்படிக்கு,
ஒரு சிப்ஸ் கடைக்காரர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.