'நிலைத்த' என்றால் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த செயல்சார் நிரலாக்கக் கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். நல்ல கட்டுரை. ஆனால் அதில் 'நிலைத்த' என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஓரிடத்தில் 'நிலைத்த தரவமைப்பு', அடுத்த பக்கத்தில் 'நிலைத்த சேமிப்பு'. ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் பெர்சிஸ்டன்ட் என்றுதான் சொல்கிறார்கள், கட்டுரையாளரில் பிழை பிடிக்க முடியாது. ஆனாலும் இந்த ஒரு சொல்லால் ஒரு காலை முழுவதும் தராசில் நிறுத்த நெல்லின் கணக்கைத் தொலைத்தவன் நான்.

வட்டக்கச்சிப் பக்கம் சித்தப்பாவுக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. காலபோக அறுவடையில் நெல் வந்து இறங்கும்போது தராசடியில் இருப்பது என் வேலை. சிட்டை இலக்கத்தைக் கொடுத்தால் யாருடைய நெல், எத்தனை மூடை, எத்தனை கிலோ, ஈரப்பதன் எவ்வளவு என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்றை எர்லாங் என்ற நிரல்மொழியில் எழுதினேன். இலக்கம் திறப்பு, மிச்சமெல்லாம் பெறுமதி. ஏன் எர்லாங் என்று கேட்க வேண்டாம், அப்போது அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

எர்லாங்கில் திறப்பையும் பெறுமதியையும் சோடியாக வைக்கும் அமைப்புக்கு மேப் என்று பெயர். ஒரு மேப்புக்குள் புதிய சிட்டையைச் சேர்த்தால் பழைய மேப் அப்படியே இருக்கும். புதியது வேறாகப் பிறக்கும், மாறாத பகுதிகளை இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். பழையது அழியாமல் இருப்பதைத்தான் அங்கே 'நிலைத்த' என்கிறார்கள். நான் அதைக் 'கணக்கு அழியாது' என்று விளங்கிக்கொண்டேன். பத்தரை மணிக்குக் கரண்ட் போனது. பழைய மேப், புதிய மேப் எல்லாம் சேர்ந்து போயின, நினைவகத்தில் இருந்தவைதானே. சிட்டைப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் இருந்தபடியால் தப்பினேன். சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை மேசையில் புதிதாக ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது.

அப்புறம்தான் டெட்ஸுக்கு மாறினேன். எர்லாங்கோடு கூடவே வருகிறது, திறப்பையும் பெறுமதியையும் வட்டில் ஒரு கோப்பாக வைக்கும். கோப்பு 2 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது. எங்கள் ஆலைக்கு அது காணும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கும் என்று கையேட்டை மேலோட்டமாக வாசித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். திரும்ப வாசித்தபோதுதான் தெரிந்தது, மூன்று நிமிடம் அந்த அட்டவணையை யாரும் தொடாமல் இருந்தால்தான் அது சேமிக்கும். வாசலில் லான்ட்மாஸ்டர்கள் வரிசை கட்டி நிற்கும் மாசி மாதத்தில் மூன்று நிமிடம் சும்மா கிடக்கும் தராசு எங்கே இருக்கிறது? இப்போது ஒவ்வொரு பதிவுக்கும் பிறகு உடனே வட்டில் எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையை நானே கொடுக்கிறேன். அது முடிந்து பதில் வந்த பின்தான் சிட்டை அச்சாகும். கொஞ்சம் மெதுவாகும். மூடை இறக்குகிறவர்கள் அதைவிட மெதுவாகத்தான் வருவார்கள்.

சரியாக மூடாமல் போன கோப்பை அடுத்த முறை திறக்கும்போது டெட்ஸ் தானே பழுது பார்க்கும். கோப்பு பெரிதென்றால் அதற்கே நேரம் எடுக்கும், இதையும் கட்டுரையில் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நெல் இருப்பும் கொடுக்க வேண்டிய காசும் சேர்ந்தே மாற வேண்டும், ஒன்று மட்டும் மாறக்கூடாது என்றால் டெட்ஸ் போதாது, எர்லாங்கின் தரவுத்தளமான ம்னீசியா வேண்டும். எரிக்சன் நிறுவனத்தில் அதை எழுதியவர்கள் முதலில் வைத்த பெயர் அம்னீசியா. மறதி என்று ஒரு தரவுத்தளத்துக்குப் பெயர் வைப்பதா என்று மேலாளர் ஒருவர் மறுத்ததால் முதல் எழுத்தை வெட்டினார்களாம். அந்த மேலாளரை எனக்குப் பிடித்துப் போனது.

அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் இரண்டு தம்பிமாரிடம் உங்கள் கட்டுரையைக் காட்டினேன். ஒருவர் என்னைப்போலவேதான் விளங்கியிருந்தார். ஆகவே அடுத்த பகுதியில் முதலாவதற்குப் 'பழையது காக்கும் தரவமைப்பு' என்றோ வேறு எப்படியோ எழுதுங்கள். 'நிலைத்த' என்ற சொல்லை வட்டில் எழுதி முடித்ததற்கு மட்டும் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆலைத் தராசடி வாசகர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.