பராபவ ஆண்டு பிறப்பு: உன் வீட்டு விருந்துக்குச் சில குறிப்புகள்

பினாங்கு
2.4.2026

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் இப்போது பிடி இல்லாமல் மாடிப்படி ஏறுகிறார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம். பகலெல்லாம் வெயில் கொளுத்துகிறது, சாயங்காலம் மழை கொட்டுகிறது.

இந்த வருஷம் சித்திரை விருந்து உன் வீட்டில், பதினைந்து பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தாய். 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. நமக்குப் பொது விடுமுறையும் கிடையாது. அதனால் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்கிறாய். விருந்தைத் தள்ளலாம், அதில் தவறில்லை. கனி பார்ப்பதையும் மாங்காய்ப் பச்சடியையும் மட்டும் தள்ளாதே. வருஷம் பிறக்கிற அன்றைக்குக் கண்ணில் படுவதும் நாக்கில் படுவதும்தான் அந்த நாளின் சாரம். வடையும் சாம்பாரும் எந்த நாளிலும் சாப்பிடலாம். என்னைக் கேட்டால், கனியும் பச்சடியும் காலையில், இலைச்சாப்பாடு அன்றே இரவு எட்டு மணிக்கு என்று வைத்துக்கொள்.

பஞ்சாங்க நேரத்தை நம் நேரத்துக்கு மாற்ற அம்மாவின் பழைய நோட்டில் ‘இந்திய நேரத்தோடு 2 மணி கூட்டு’ என்று இருக்கிறது, எல்லாரும் இரண்டரை என்கிறார்களே என்று குழம்பியிருந்தாய். இரண்டுமே சரி. 1982 ஜனவரி 1ஆம் தேதி மலேசியத் தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதற்கு முன் நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், இப்போது இரண்டரை. நோட்டு அதற்கு முந்தி எழுதியது. ஆகவே பஞ்சாங்கத்தில் வருஷப் பிறப்பு இந்திய நேரம் காலை 9.30 என்று போட்டிருந்தால் உனக்கு மதியம் 12 மணி.

ஆனால் இந்த இரண்டரை மணிக் கணக்கை ராகு காலத்துக்குப் போடாதே. பலர் தடுமாறுவது இங்கேதான். சூரியன் மேஷத்தில் நுழைவது உலகத்துக்கே ஒரே கணம், அதனால் அதற்கு நேர வித்தியாசத்தைக் கூட்டினால் போதும். ராகு காலமோ அந்தந்த ஊரின் பகல் பொழுதை எட்டாகப் பிரித்து வருவது. செவ்வாய்க்கு ஏழாவது பங்கு. 3 மணி முதல் 4.30 வரை என்று காலண்டரில் போட்டிருப்பது ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கிறது என்ற கணக்கில். உங்கள் கோலாலம்பூரில் அன்று உதயம் சுமார் 7.08, அஸ்தமனம் சுமார் 7.19. அப்படிப் பார்த்தால் உனக்கு ராகு காலம் ஏறக்குறைய 4.15 முதல் 5.50 வரை. எமகண்டம் மூன்றாவது பங்கு, 10.10 முதல் 11.45 வரை. இரவு விருந்துக்கு ஒரு தடையும் இல்லை.

கனித் தட்டைத் திங்கள் இரவே அடுக்கி வைத்துவிடு. பெரிய தாம்பாளத்தில் அடியில் பச்சரிசி பரப்பி, அதன்மேல் மா, பலா, வாழை, வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், நகை, காசு, பூ. பின்னால் கண்ணாடி.  அதைச் சற்றுப் பின்னால் சாய்த்து, நீயே தரையில் உட்கார்ந்து பார். தட்டிலுள்ள பழமும் முகமும் சேர்ந்து தெரிகிற இடத்தில் நிறுத்து. வெல்லத்தையும் வெட்டிய பலாச்சுளையையும் இரவில் வைக்காதே, விடிவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். அவற்றை மூடி வைத்திருந்து, விளக்கேற்றும்போது தட்டில் சேர். கொன்றைப் பூ வேண்டுமென்றால் கடைசி நேரத்தில் பறி, ராத்திரி வைத்தால் காலையில் இதழ்கள் அரிசிமேல் கொட்டிக் கிடக்கும். மல்லிகைச் சரத்தை நனைக்காமல் வாழை இலையில் சுற்றிக் குளிர்பெட்டியில் வை. நீ முதலில் எழுந்து விளக்கேற்றிக் கனி பார்த்துவிட்டு, மற்றவர்களைக் கண்ணை மூடியபடியே அழைத்து வா.

உங்கள் அடுக்குமாடி நடைபாதை எல்லாருக்கும் பொது. அங்கே மாவுக் கோலம் போட்டால் வழுக்கும். ஒரு பலகையில் இழைகோலம் போட்டு வாசற்படி ஓரம் வைத்தால் போதும்.

இனிப் பச்சடி. பதினைந்து பேருக்குத் தோல் சீவிக் கொட்டை நீக்கிய மாங்காய் அரைக் கிலோ, வெல்லம் 250 முதல் 300 கிராம், தண்ணீர் இரண்டு கப், காய்ந்த வேப்பம்பூ ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் மூன்று, கடுகு ஒரு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை. முகர்ந்து பார்த்தாலே புளிக்கிற காயாக வாங்கு. சந்தையில் நீளமாய், பச்சையாய் இருக்கும் தாய்லாந்து வகை கறுக்கென்று கடிக்க நன்றாயிருக்கும், புளிப்பு போதாது. அதுதான் கிடைத்தால் நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்துச் சேர். குவினி என்கிற மாங்காய் வகை வேண்டவே வேண்டாம், அதன் வாசனை வேப்பம்பூவை அமுக்கிவிடும், பாலும் கையில் அரிக்கும்.

வெல்லத்துக்குப் பதில் கூலா மலாக்கா (இங்கத்திய பனை வகைக் கருப்பட்டி) போடலாமா என்று கேட்டிருந்தாய். பாயசத்துக்குப் போடு, பிரமாதமாக இருக்கும். பச்சடிக்கு வேண்டாம். அதன் கருகின இனிப்பு முன்னால் வந்து நின்று மாங்காயின் புளிப்பை மறைக்கும், நிறமும் கறுத்துப்போகும். பிரிக்ஃபீல்ட்ஸில் அச்சு வெல்லம் கிடைக்கும். கால் கப் வெந்நீரில் கரைத்து வடிகட்டு, அடியில் மண் நிற்கும்.

மாங்காயை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவை. ஒரு துண்டைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து அழுத்திப் பார். தடையில்லாமல் நசுங்க வேண்டும். அதற்கு முன் வெல்லம் போகக் கூடாது. இனிப்பு ஏறிய தண்ணீரில் மாங்காய்த் துண்டு இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. பச்சடி கடித்துக் கடித்துச் சாப்பிடும்படி ஆகிவிட்டதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். வெந்த பிறகு பாகை ஊற்றி, சிறுதீயில் ஐந்தாறு நிமிஷம். கரண்டியிலிருந்து தளர்வாக வழியும்போதே இறக்கு, ஆறினால் தானே கெட்டியாகும். அரிசி மாவு கரைத்து ஊற்றுவார்கள் சிலர், அது தேவையே இல்லை.

வேப்பம்பூவைக் கழுவாதே, நனைந்தால் நெய்யில் பொரியாமல் வதங்கும். சல்லடையில் தட்டிக் காம்பையும் தூசியையும் நீக்கு. ஒரு கரண்டி நெய்யைச் சூடாக்கிக் கடுகும் மிளகாயும் தாளித்துப் பச்சடியில் கொட்டிவிட்டு, அதே கரண்டியில் இன்னும் கொஞ்சம் நெய் விட்டுப் பூவைப் போடு. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும். அங்கேயே அடுப்பை அணைத்துவிடு, நெய்ச் சூட்டில் இன்னும் ஒரு படி கறுக்கும். அடுப்பிலேயே கறுக்க விட்டால் கசப்போடு கரிந்த வாசனையும் ஏறிவிடும். பூவைப் பச்சடியோடு கொதிக்க விடாதே, பரிமாறும்போது மேலே தூவு. அப்போதுதான் இனிப்புக்கும் புளிப்புக்கும் நடுவில் கசப்பு தனியாக நாக்கில் தட்டும். இரவு விருந்துக்குப் பச்சடியை எடுத்து வைக்கிறாய் என்றால் பூவில் பாதியைக் காலையில் தூவி, மீதியைத் தனியாக மூடி வை. பிள்ளைகளுக்குக் கசக்கும் என்று பூவைக் குறைக்காதே, ஒரு விரல்நுனி அளவாவது எல்லாரும் சாப்பிட வேண்டும்.

மற்ற சமையல் நீ அறியாததில்லை. அளவு மட்டும் சொல்கிறேன்: அரிசி ஒன்றரைக் கிலோ, சாம்பாருக்குத் துவரம்பருப்பு அரைக் கிலோ, வடைக்கு உளுந்து அரைக் கிலோ, முப்பது வடை வரும். உளுந்தை இரண்டு மணி நேரத்துக்குமேல் ஊறவைத்தால் எண்ணெய் குடிக்கும். ஐஸ் தண்ணீர் தெளித்து அரை, மிக்சிச் சூட்டில் மாவு தளர்ந்துவிடாது. உப்பைச் சுடுவதற்கு முன் சேர்.

பாசிப்பருப்புப் பாயசத்துக்குப் பருப்பு கால் கிலோ, வெல்லம் 400 கிராம், இரண்டு தேங்காய். முதல் தேங்காய்ப்பாலை இறக்கின பிறகு ஊற்று, கொதித்தால் திரியும்.

வாழையிலையைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே விரித்தால் நரம்போடு கிழியும். வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்தால் இளகும். நுனி சாப்பிடுகிறவரின் இடது பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், அடுத்துப் பச்சடி, அதன்பிறகு பொரியல், கூட்டு என்று வைத்துக்கொண்டு வா. சோறு எல்லாரும் உட்கார்ந்த பிறகு வரட்டும்.

உங்கள் பக்கம் நல்ல வேப்பம்பூ கிடைப்பதில்லை என்றாயே, தம்பி பையன் இந்த வாரக் கடைசியில் கோலாலம்பூர் வருகிறான், அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்புகிறேன். கைக்கு வந்ததும் ஒரு தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, ஈரமில்லாத கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடு. கூடவே கொஞ்சம் மாவிலையும் வருகிறது, தோரணத்துக்கு. மாவிலையை மட்டும் தண்ணீர் தெளித்து வை. அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழி