அவனுக்கு வேலை இருந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் சினிமா பக்கத்தில் குண்டர் கும்பல் படங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். "தோட்டப்புறம் என்றாலே கேங் கதைகளுக்குப் பஞ்சமில்லை" என்று அது தொடங்குகிறது. அந்த வரியை நாலு முறை படித்தேன். நாற்காலியில் இருந்த வாடிக்கையாளருக்கும் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மகனை சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றச் சட்டத்தில் பிடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முப்பத்தோரு வருடமாக முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில். அப்பா பால்மரம் சீவியவர். ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. அவர் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் எங்கள் அப்பா பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் கட்டினார். வெள்ளைக்காரத் துரைமார் விற்ற தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்கினார்களே, அதுவும் தோட்டப்புறத்துக் கதைதான். தாங்கள் அறியாததல்ல. அதற்கு முழுப்பக்கம் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கேங் தோட்டத்திலா முளைத்தது? கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் கும்பல்கள் பேராக்கின் லாருட்டில் ஈயத்துக்காக வெட்டிக்கொண்டன; அதையும் தீர்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் 1874-இல் பங்கோர் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் மாவட்டம் கோலகங்சாரில் ரப்பர் கன்று நட்டது 1877-இல். பால்மரமே இல்லாத காலத்தில் இந்த மாநிலத்தில் கும்பல் இருந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பிற்பாடு அதில் போய் விழுந்தார்கள். எப்போது விழுந்தார்கள் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். பால்மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், சில இடத்தில் தோட்டத்தையே வீடமைப்புக்கு விற்றார்கள், அதன் பிறகுதான். லயத்தில் இருந்தவரை எந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிலிருந்து கோயில் பூசாரி வரைக்கும் தெரியும். ஒருத்தன் கெட்ட பழக்கத்தோடு நின்றால் யாராவது ஒரு பெரியவர் காதைத் திருகுவார். மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த பிறகு எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியவில்லை. பிள்ளைக்கு ஒரு பிரச்சினை என்றால் முதலில் வந்து நின்றது கேங்காரன்தான். இதைத்தான் சஞ்சை குமார் பெருமாள் 2015-இல் 'ஜகாட்' படத்தில் பன்னிரண்டு வயதுப் பையனை வைத்துக் காட்டினார். அடுத்த வருடம் தேசியத் திரைப்பட விழாவில் விருது வாங்கிய படம். உங்கள் கட்டுரையில் அதன் பெயர்கூட இல்லை.

என் கைக்கு வந்த தலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மிஷின் ஓட்டும்போது தழும்பு வந்தால் கைக்கு உடனே தெரியும். தோல் மேடாக இருக்கும், அந்த இடத்தில் முடி வளராது, சீப்பை வைத்து மெதுவாகத்தான் போகவேண்டும். பதினேழு வயதுப் பையனுக்கு வலது காதுக்கு மேலிருந்து பிடரி வரை அப்படி ஒரு கோடு. பாராங் கத்தி வெட்டு. "மோட்டார்ல விழுந்துட்டேன் அங்கிள்" என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. நாட்டில் 40,313 பேர் கும்பல்களில் இருக்கிறார்கள், அதில் 28,926 பேர் இந்தியர்கள் என்றார்கள். கும்பல்கள் பெயராக வைத்திருந்த எண்களை நீங்களும் பெரிய எழுத்தில் அச்சடித்தீர்கள். மறுவாரமே ஒருவன் வந்து பின்னந்தலையில் அந்த எண்களில் ஒன்றைப் போடச் சொன்னான். முடியாது என்றேன். "பேப்பர்லயே வந்துருச்சு, நீங்க ஏன் பயப்படறீங்க" என்றான். என்ன பதில் சொல்வது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீடமைப்புப் பையன்கள் மாவட்டப் பந்துப் போட்டியில் கோப்பை வாங்கினார்கள். படத்தோடு செய்தி அனுப்பினேன். இரண்டு முறை போன் செய்தேன். இடமில்லை என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அந்தக் குழுவில் கோல் காத்த பையனைத்தான் போன வாரம் வெட்டிக் கொன்றார்கள். கட்டுரை வந்ததற்கு முந்தின நாள் நீங்களே மூன்றாம் பக்கத்தில் போட்டீர்கள்: "குண்டர் கும்பலைச் சேர்ந்தவர் என நம்பப்படும் வேலையில்லாத ஆடவர்." அவனுக்கு இருபத்திரண்டு வயது. முதல் மொட்டை போட்டதே நான்தான். கேங்கில் இருந்தானா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அதற்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் அவனுக்கு வேலை இருந்தது. கார் கழுவும் கடையில் நாலு வருடம் வேலை செய்தான். திங்கட்கிழமை லீவு, அன்றுதான் முடி வெட்ட வருவான். சவுக்காரத் தண்ணீரில் கிடந்து கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வீட்டு வாடகையில் பாதி அவன் சம்பளம்.

ரஜினி மலேசிய கேங் தலைவராக நடித்த 'கபாலி' படம் இந்தியாவில் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. மலேசியத் திரையில் கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று எழுத்துப் போட்டு முடித்தார்கள். ஒரு கற்பனை மனிதருக்காகக் கடைசி வரியை மாற்ற முடிந்தது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. "வேலையில்லாத" என்று போட்டது தவறு, அவர் கார் கழுவும் கடைத் தொழிலாளி என்று ஒரு திருத்தம் போடுங்கள். மூலையில் இரண்டு வரி போதும். அவன் அம்மா உங்கள் பேப்பரிலிருந்து அந்தச் செய்தியைக் கத்தரித்து, அவன் அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகளோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறார். திருத்தம் வந்தால் அதையும் அதில் வைப்பார்.

வருகிற வெள்ளிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அவன் தம்பிக்கு மொட்டை போட நான்தான் போகிறேன். அதற்குள் வந்தால் கையோடு எடுத்துப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
சுங்கை சிப்புட், பேராக்.