செத்த நாயில் கிடைத்ததெல்லாம் பிணவண்டு அல்ல

காட்பாடி

அன்புள்ள தணிகாசலம்,

உன் கடிதமும் ஐந்து புட்டிகளும் பத்திரமாக வந்து சேர்ந்தன. மாடி கட்டி முடித்தது சந்தோஷம். முழங்காலை வைத்துக்கொண்டு பூச்சிப் பெட்டிகளை மேலே கொண்டுபோகாதே. சிமெண்ட் ஈரம் காயும்வரை மாடியறையில் பூஞ்சை பிடிக்கும், கீழ் அறைதான் நல்லது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ராணிப்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது, தினம் போய் வருகிறாள்.

செத்த பிராணிகள்மேல் பிடித்த வண்டுகள் என்பதால் ஐந்து புட்டியிலும் 'சில்ஃபிடே', அதாவது பிணவண்டுக் குடும்பம், என்றே லேபிள் ஒட்டியிருக்கிறாய். அது ஒரே ஒரு புட்டிக்குத்தான் பொருந்தும், அதுவும் பழைய கணக்கில். பிணம் தின்பது ஒரு பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு வண்டுகளில் பல வம்சங்கள் தனித்தனியாக வந்து சேர்ந்திருக்கின்றன. அதனால் எதன்மேல் பிடித்தாய் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, பத்து மடங்கு கைலென்ஸில் முதலில் உணர்கொம்பைப் பார், பிறகு முதுகை மூடும் கெட்டியான முன்சிறகின் நீளத்தைப் பார். குடும்பத்தைச் சொல்ல பெரும்பாலும் அவ்வளவே போதும்.

பாலாற்றங்கரை நாயின் தோலடியில் எடுத்ததாகச் சொன்ன கூட்டம் டெர்மெஸ்டெஸ் மாகுலேடஸ். நம் ஊர்க்காரனுக்கு இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் பச்சைத் தோலுக்கு உப்புக் குறைந்தாலோ, உப்புத் தோலை அடுக்கி அதிக நாள் விட்டாலோ துளை போடுவது இதன் புழுதான். துளை அப்போது கண்ணில் படாது. பதனிட்ட பிறகு டேனரியில்தான் தெரியும். வண்டு அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளம். உணர்கொம்பின் நுனியில் மூன்று கணுக்கள் சேர்ந்து இறுகிய குண்டு. வயிற்றின் அடிப்புறம் வெண்மயிர், ஓரங்களில் கரும்புள்ளிகள். முன்சிறகின் நுனியில் ஒரு சின்ன முள், அதை ஒட்டிய ஓரம் ரம்பம்போல். இதற்கு இருபது மடங்காவது வேண்டும். முள் இல்லையென்றால் டெர்மெஸ்டெஸ் ஃபிரிஷியாக இருக்கலாம், அவசரப்பட்டுப் பெயர் எழுதாதே. குடும்பம் டெர்மெஸ்டிடே. சில்ஃபிடேக்கும் இதற்கும் பங்காளி உறவுகூடக் கிடையாது, பெருங்குடும்பமே வேறு. உன் பெட்டிகள் பக்கம் இதை உயிரோடு விட்டுவிடாதே. காய்ந்த பூச்சியும் இதற்குச் சோறுதான். கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் புழு மரத்தையும் தெர்மோகோலையும் துளைத்து உள்ளே போகும்.

பச்சை கலந்த நீலத்தில் மின்னுவது, சிவந்த கால்கள், அரை சென்டிமீட்டர் அளவு: நெக்ரோபியா ரூஃபிபெஸ், குடும்பம் கிளெரிடே. கருவாட்டுக் கடையிலும் இதையே பார்க்கலாம். கொழுப்பைத் தின்னும், ஈப்புழுவையும் டெர்மெஸ்டெஸ் புழுவையும் வேட்டையாடும். இதன் நெருங்கிய உறவான நெக்ரோபியா ரூஃபிகாலிஸ்தான் பிரெஞ்சுப் புரட்சியின்போது போர்தோ சிறையில் கிடந்த பாதிரியார் லத்ரேய்யைக் காப்பாற்றியது. தரையில் ஊர்ந்த வண்டை அவர் உற்றுப் பார்த்ததைச் சிறை வைத்தியர் கவனித்தார். வண்டு பூச்சியியல் ஆர்வம் கொண்ட ஓர் இளைஞனிடம் போய்ச் சேர, அவன் முயற்சியில் ஆள் விடுதலையானார். பிற்பாடு ஸ்டஃபிலினிடே (குட்டைச்சிறகு வண்டுகள்), சில்ஃபிடே இரண்டு குடும்பப் பெயர்களையும் வைத்தவர் அவரே. அந்த இரண்டு பெயரும் இந்தக் கடிதத்தில் இன்னும் வரும்.

கறுத்துப் பளபளப்பது, தொட்டால் காலை இழுத்துக்கொண்டு கடுகுபோல் உருளுவது ஹிஸ்டெரிடே. முழங்கைபோல் வளைந்த உணர்கொம்பு, வயிற்றின் கடைசி இரண்டு தகடுகளை மூடாத முன்சிறகு. இது வருவது பிணத்துக்காக அல்ல, அதிலுள்ள ஈப்புழுவுக்காக. மண் அப்பிய, கரடுமுரடான ஒற்றை வண்டு ட்ரோஜிடே. உணர்கொம்பு நுனி விசிறி மடிப்பாக இருப்பதைப் பார், சாண வண்டின் சொந்தம். எலும்பும் மயிரும் மட்டும் மிஞ்சியபின் கடைசிப் பந்திக்கு வருவது.

ஜவ்வாது மலையில் கிடைத்த தட்டையான வண்டு, முன்மார்புத் தகடு சிவப்பு, முன்சிறகில் நீளவாட்டில் மேடான வரிகள்: அதுதான் பிணவண்டு. நெக்ரோஃபிலா ரூஃபிதோராக்ஸ் என்றே நினைக்கிறேன். உணர்கொம்பில் பதினொரு கணு, நுனியை நோக்கிச் சீராகத் தடிக்கிறது. ஐரோப்பிய, அமெரிக்கப் படங்களில் நீ பார்த்த ஆரஞ்சுப் பட்டை போட்ட நிக்ரோஃபோரஸ் வேறு மாதிரி. அதற்கு நுனி நான்கு கணுக்கள் சட்டென்று உருண்டு நிற்கும். இரண்டாம் கணு குறுகி மூன்றாவதோடு ஒட்டியிருப்பதால் எண்ணினால் பத்துதான் வரும். முன்சிறகு வெட்டியதுபோல் முடிந்து வயிறு வெளியே தெரியும். வயிற்றின் ஐந்தாம் மேல்தகட்டில் ஒலி எழுப்பும் இரண்டு அரங்கள் உண்டு. எலி, குருவி அளவுப் பிணத்தைப் புதைத்து, குஞ்சுக்கு ஊட்டுவதுபோல் புழுவுக்கு வாயில் ஊட்டும். அந்தப் புழு வெள்ளையாக, குழியை விட்டு நகராமல் இருக்கும். நெக்ரோஃபிலா வகைப் புழுவோ கறுத்து, தகடு தகடாக, தானே ஓடி இரை தேடும். நிக்ரோஃபோரஸை நம் சமவெளியில் தேடி நேரத்தை வீணாக்காதே. அது குளிர்நாட்டுச் சாதி, வெப்ப நாடுகளில் உயர்ந்த மலைகளில்தான் தலைகாட்டும். இங்கே எறும்பும் ஈயும் நாயும் அதற்கு முன்னால் பிணத்தை முடித்துவிடுகின்றன.

இனி நீ கேட்ட வகைப்பாடு, சில்ஃபிடே இப்போது எங்கே நிற்கிறது என்பது. பழைய ஏற்பாட்டில் சில்ஃபிடே தனிக் குடும்பம், உள்ளே சில்ஃபினே, நிக்ரோஃபோரினே என்று இரண்டு துணைக்குடும்பங்கள். உலகம் முழுக்கச் சேர்த்தும் 200 சிற்றினங்களுக்குள்தான். மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுகள் பலவற்றில் இந்தக் கூட்டம் ஸ்டஃபிலினிடே குடும்பத்துக்குப் பக்கத்தில் அல்ல, உள்ளேயே போய் உட்கார்ந்தது. சில்ஃபிடேயைத் தனியாக வைத்திருந்தால் ஸ்டஃபிலினிடே ஒரு கிளையை வெட்டிப்போட்ட மரமாகிவிடும், ஒரே மூதாதையின் எல்லா வாரிசுகளும் அதில் அடங்காது. எனவே 2022-இல் சீனாவின் சென்யாங் சாயும் கூட்டாளிகளும் வெளியிட்ட வண்டுகளின் பெரிய வம்சாவளி ஆய்வில் சில்ஃபிடேயை ஸ்டஃபிலினிடேயின் துணைக்குடும்பமாக இறக்கினார்கள். 2024-இல் சைக்ஸ், தேயர், நியூட்டன் மூவரும் சான்றுகளைத் திரட்டி அதையே ஆதரித்தார்கள். இது புது வழக்கமும் அல்ல. 1995-இல் செலாஃபிடே, 2009-இல் சிட்மேனிடே என்ற வண்டுக் குடும்பங்களும் இப்படித்தான் உள்ளே போயின. பெயர் மூத்தது நிலைக்கும் என்பது விதி. ஸ்டஃபிலினிடே 1802, சில்ஃபிடே 1806. அதோடு 60,000 சிற்றினங்களுக்கு மேல் உள்ள குடும்பத்தின் பெயரை யாரும் மாற்றத் துணிய மாட்டார்கள்.

முன்சிறகு நீண்டு வயிற்றை மூடுகிறதே, இது எப்படிக் குட்டைச்சிறகு வண்டுக் குடும்பத்தில் சேரும் என்று கேட்டிருந்தாய். குட்டைச் சிறகு அந்தக் குடும்பத்தின் பெரும்பான்மைக் குணமே தவிர நுழைவுச் சீட்டு அல்ல. வேறு சில துணைக்குடும்பங்களிலும் நீண்ட சிறகு உண்டு. எனக்கு இந்த மாற்றம் சரியாகவே படுகிறது. களத்தில் சங்கடமான ஒன்று மட்டும் இருக்கிறது. இப்போது 'சில்ஃபினே' என்றால் மொத்தக் கூட்டமும். முன்பு அதே சொல்லுக்குப் பாதிக் கூட்டம்தான். பழைய இரண்டு பிரிவுகளும் சில்ஃபினி, நிக்ரோஃபோரினி என்று துணைக்குடும்பத்துக்கு ஒரு படி கீழான இனக்குழுக்களாகிவிட்டன. ஆகவே 'சில்ஃபினே' என்று எழுதிய லேபிளில் ஆண்டு இல்லாவிட்டால் அது எதைச் சொல்கிறது என்று யாருக்கும் புரியாது. பூச்சியை அடையாளம் சொன்னவர், சொன்ன ஆண்டு இரண்டையும் தனி லேபிளில் எழுது. பழைய லேபிளைக் கிழிக்காதே, அதன் கீழேயே அதே ஊசியில் புதிதைக் குத்து.

இடத்துக்கும் இதே கதைதான். கல்லூரி அலமாரியில் 'வட ஆற்காடு' என்று மட்டும் எழுதிய பூச்சி எங்கிருந்து வந்தது? 1989-க்கு முன் என்றால் திருவண்ணாமலையும் அதில் சேர்ந்தது. 2019-க்குப் பிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம். ஜவ்வாது மலை ஒன்றேயானாலும் பீஞ்சமந்தை வேலூரில், புதூர்நாடு திருப்பத்தூரில், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில். மாவட்டத்தை நம்பாமல் அட்சரேகை, தீர்க்கரேகையும் கடல்மட்ட உயரமும் எழுதிவிடு.

மாணவர்களை வைத்துப் பொறி போடுவதாக இருந்தால் முறை இது. ஐந்து லிட்டர் பெயிண்ட் வாளியை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதை. விளிம்பு அரை அங்குலம் தூக்கி நின்றாலும் வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கைப்பிடி கல்லுப்பும் நாலு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, மூன்று விரல் ஆழம் ஊற்று. வாசனை சேர்த்த திரவம் வேண்டாம். நிழலில் ஒரு நாள் வைத்த கோழிக் கழிவு 150 கிராமைக் கொசுவலைத் துணியில் முடிந்து, கம்பியில் வாளிக்கு மேலே தொங்கவிடு. இரை தண்ணீரில் விழுந்தால் எல்லாம் கூழாகி, வண்டைப் பிரித்தெடுக்க முடியாது. கம்பியில் கிரீஸ் தடவு, இல்லையென்றால் எறும்பே முழுவதையும் தின்றுவிடும். மேலே நாலு கல் வைத்து ஓடு ஒன்றைக் கூரையாக்கு. அதன்மேல் ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை நான்கு மூலையும் முளையடித்துக் கட்டு. நாயும் கீரியும் இரவில் கட்டாயம் வரும், கல்லை மட்டும் நம்பினால் காலையில் வாளியே இருக்காது. பொறிக்குப் பொறி ஐம்பது மீட்டராவது இடைவெளி வேண்டும். மாலையில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் எடு. சித்திரை, வைகாசியில் வைக்காதே. இரை ஒரே நாளில் காய்ந்து தோலாகிவிடும், டெர்மெஸ்டெஸ் மட்டும்தான் வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு மலையில் வை. காப்புக்காட்டுக்குள் வனத்துறை எழுத்துமூல அனுமதி இல்லாமல் குழி தோண்டாதே. செத்த மயிலை இரையாகத் தொடவே கூடாது.

எடுத்ததும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மெல்லிய தூரிகையால் கழுவி, 70 சதவீத ஆல்கஹாலில் போடு. மரபணுவுக்கு என்று ஒன்றிரண்டைத் தனியாக 95 சதவீதத்தில் வை. ஃபார்மலின் பக்கமே போகாதே. இந்த வண்டுகளுக்கு உடம்பெல்லாம் கொழுப்பு. அப்படியே ஊசியில் குத்தினால் சில மாதத்தில் எண்ணெய் கசிந்து மயிரும் நிறமும் மறைந்துவிடும், ஊசியும் பச்சை பிடிக்கும். காயவைத்தபின் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி ஒரு நாள் ஊறப்போடு, திரவம் மஞ்சளானால் மாற்று. பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், அசிட்டோனில் சிலவகை கரைந்துவிடும். ஊசி வலது முன்சிறகின் வழியே போகட்டும், நடுவில் அல்ல. நெக்ரோபியா மாதிரிச் சின்னதை முக்கோண அட்டை நுனியில் ஒட்டு.

மலையில் பிடித்த அந்த ஒன்றைச் சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஆண் வண்டாகத் தெரிகிறது. இனப்பெருக்க உறுப்பை எடுத்துப் பார்க்கும்வரை 'ரூஃபிதோராக்ஸ்' என்பதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும். அதே இடத்தில் இன்னும் இரண்டு கிடைத்தால் அனுப்பு. ஆல்கஹாலோடு கூரியரில் வாங்க மாட்டார்கள். வடித்துவிட்டு, நனைத்த பஞ்சை மேலும் கீழும் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி அனுப்பினால் இரண்டு நாள் தாங்கும். லேபிளைப் பென்சிலால் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடு. இந்த முறை வெளியே பால்பாயிண்டில் எழுதியிருந்ததில் மூன்றாவது புட்டியின் தேதி கலைந்துவிட்டது. அந்தத் தேதி என்ன என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ஏகாம்பரம்